ஒரு வசவு கூட வரவில்லை

"உன் அட்டவணை, புள்ளிவிவரம் எல்லாத்தையும் குப்பையில போடு, ஓத்மார். எனக்கு ஹெட்விகா போதும்" என்றார் பிரிவுத் தலைவர் லூபோஷ்.

"ஹெட்விகாம்மாவா? அவங்க வாடிக்கையாளர் புகாரை டிக்கெட்டாப் பதிவு பண்றவங்க, தலைவரே!"

"அவ கம்ப்யூட்டர் ஒரு நொடி நின்னா, அவ திட்டுறது கீழே டிராம் ஸ்டாப் வரைக்கும் கேட்கும். இந்த புர்னோ ஊர்ல அதைவிட நம்பகமான கருவி கிடையாது."

ஓத்மாருக்கு இந்த நிரல் மூன்று வருட உழைப்பு. நினைவகம் நிரம்பினால் கணினிக்கு மூச்சு முட்டும். எதை வைப்பது, எதைத் தள்ளுவது என்று தெரியாமல் உறைந்துபோகும். அவன் எழுதிய நிரல், மூலையில் மறந்து கிடப்பதை முதலில் வெளியே தள்ளும். கண்முன் இருப்பதைத் தொடாது. லூபோஷ் ஒப்புக்கொண்டால் நிறுவன மென்பொருளின் அடுத்த வெளியீட்டில் அது சேரும். இல்லையென்றால் திங்கட்கிழமை முதல் அவனுக்குப் பிரின்டர் பிரிவு. அங்கே போனவர்கள் திரும்பியதில்லை.

"அவ வர்றதுக்குள்ள உன்னோடதை அவ கம்ப்யூட்டர்ல போடு. அவகிட்ட மூச்சு விடாதே. ஒரு மணி நேரத்துல ஒரு வசவு வந்தாலும் நீ காலி."

"நீங்க திரையைப் பார்க்க மாட்டீங்களா?"

"எதுக்கு? காது இருக்கு."

பத்து மணிக்கு ஹெட்விகா வந்தாள். தடுப்புக்கு மேலே அவள் கொண்டை மட்டும் தெரிந்தது. இருவரும் வணக்கம் சொன்னார்கள். கொண்டை ஆடியது. பிறகு விசைப்பலகை தடதடத்தது.

பத்து நிமிடம். வசவு இல்லை.

"ஆரம்பத்துல எல்லாமே நல்லாத்தான் ஓடும்." லூபோஷ் காபியை உறிஞ்சினார். "பிரவுசர்ல எழுபது டேப் திறப்பா. திறக்கட்டும்."

அரை மணி ஆனது. தடுப்புக்கு அந்தப் பக்கம் மேசை அதிர்ந்தது. லூபோஷ் தலையைத் தூக்கினார்.

"என்னய்யா அது?"

"காபிக் கோப்பையை வெச்சிருப்பாங்க, தலைவரே."

பதினொன்று அடித்தது. லூபோஷ் பேனாவைத் திறந்தார்.

"பன்னிரண்டு வருஷமா அவளைத் தெரியும். இவ்வளவு நேரம் அவ சும்மா இருந்து நான் பார்த்ததே இல்ல. ஜெயிச்சுட்டேடா, பாவி."

கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். போகிற வழியிலேயே நிரலைச் சேர்க்கச் சொல்லி மற்றவர்களுக்கு உத்தரவும் போட்டார்.

ஓத்மார் தடுப்பைச் சுற்றி ஓடினான். "ஹெட்விகாம்மா, உங்க காலைத் தொட்டுக் கும்பிடணும்! காலையில உங்க கம்ப்யூட்டர்ல போட்டது என்னோட நிரல். எப்படி ஓடுச்சு?"

வலது கன்னம் பந்தாக வீங்கியிருக்க, அவள் மெல்லத் திரும்பினாள். ஒரு தாளை இழுத்துக் கிறுக்கி நீட்டினாள்:

'கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாச்சு. பன்னெண்டு மணி வரைக்கும் பஞ்சைக் கடிச்சுக்கிட்டு வாயைத் திறக்கக் கூடாதாம். உன் சனியன் ஒன்பது தடவை நின்னுச்சு. பன்னெண்டு அடிக்கட்டும், எங்கேயும் போயிடாதே.'