மாற்ற வரலாறு

திரையில் அவளுடைய பெயர் இருந்தது.

மாற்றியவர் என்ற கட்டத்தில்.

முன்பிருந்த நிலை: காத்திருப்பில். இப்போதைய நிலை: தற்காலிக நிறுத்தம்.

நோயாளியின் பெயரை மறுபடி படித்தாள். அந்தோணிப்பிச்சை. மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருப்பவர்.

நிறுத்தும்படி எந்த மருத்துவரும் எழுதவில்லை. நிறுத்தியதாக அவளுக்கு நினைவும் இல்லை.

பக்கத்தைக் கீழே இறக்க மவுஸின் சக்கரத்தை உருட்டினாள். பக்கம் அசையவில்லை. அம்புக்குறி நிலைக் கட்டத்தின் மேல் நின்றிருந்தது. கட்டத்துக்குள்ளிருந்த சொல் மாறியது.

அவள் விரலை எடுத்துக்கொண்டாள்.

நிலை மாறிய அன்றும் இப்படித்தான் நடந்திருக்கும். அவருடைய புதிய கைபேசி எண்ணைப் பதியத்தான் போயிருப்பாள். மாற்றங்களை உறுதிசெய்கிறீர்களா என்று திரை கேட்டிருக்கும். அது எல்லாவற்றுக்கும் கேட்கும். எல்லாவற்றுக்கும் அவள் ஆம் என்பாள்.

இடையில் அதே இரத்தப் பிரிவில் ஒரு சிறுநீரகம் வந்தது. அவருக்குப் பின்னால் பதிந்தவருக்குப் போனது. ஏன் என்று பார்க்கத்தான் இந்தப் பக்கத்தைத் திறந்தாள்.

பக்கத்து மேசை ஜெபக்கனி எட்டிப் பார்த்தாள்.

"மாத்திட்டு விட்டுருங்கக்கா. இந்தப் பக்கத்த எவன் தொறந்து பாக்கான்? நம்ம டீனுக்கு மெயில் தொறக்கவே ஒரு ஆள் வேணும்."

மாற்றினாள். காத்திருப்பில். இம்முறை திரை கேட்டதை முழுதும் படித்தபின் ஆம் என்றாள்.

வரலாற்றில் ஒரு வரி கூடியது. பழைய வரி அப்படியே இருந்தது. யாராலும் அழிக்க முடியாதபடிதான் அதைச் செய்திருந்தார்கள்.

சன்னலுக்கு வெளியே மரியசெல்வம் வந்து நின்றாள். கணவர் அந்தோணிப்பிச்சையை டயாலிசிஸுக்கு உள்ளே விட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் இங்கே வந்து கேட்டுவிட்டுப் போவாள். முன்பு அவரும் கூடவே நடந்து வருவார். இப்போது சக்கர நாற்காலி.

"இந்த மாசமும் அவிய பேரு வரலியாம்மா?"

இன்னும் இல்லை என்ற பதில் நாக்கு நுனிவரை வந்தது. வழக்கமாகச் சொல்வதுதான். இதுவரை அதை நம்பிச் சொல்லியிருந்தாள்.

ஜெபக்கனி தன் விசைப்பலகையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

அவளோ தன் திரையைச் சன்னல் பக்கம் திருப்பினாள்.

மரியசெல்வம் கம்பியைப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தாள். கண்கள் எந்த வரியிலும் நிற்கவில்லை. முகத்தில் எதுவும் மாறவில்லை.

பிறகு கூச்சத்தோடு சிரித்தாள்.

"எனக்கு எழுத்து தெரியாதும்மா. நீங்களே வாசிங்க."