வலது விலா

பாஸ்கா நாடகத்தில் ஆண்டவரின் விலாவில் ஈட்டியால் குத்தும் சேவகன் வேஷம் பிரகாசத்துக்கு. அவன் மார்க்கவசத்தை ஃபோம் ஷீட்டில் வெட்டி ஒட்டியவள் மனைவி லினெட். ஒட்டுகளில் வெள்ளைப் பட்டி மாவைக் குழைத்து வைத்துக் கட்டைவிரலால் வழித்துவிட்டாள். அந்த விரலில் அரிவாள்மணை வெட்டிய தழும்பு. வழித்த இடமெல்லாம் குறுக்கே ஒரு கோடு விழும்.

வலது விலாவில் மட்டும் பட்டி நிற்கவில்லை. மூன்று நாளாகச் சாயங்காலம் அடைத்தது காலையில் இரண்டு விரற்கடை திறந்து கிடந்தது. கீழே ஒரு துகள்கூட இல்லை.

"எலி தின்னுதோ என்னவோ. வுடு, துண்டப் போட்டு மறைச்சிக்கிறேன்" என்றான் பிரகாசம்.

பெரிய வெள்ளி மத்தியானமும் அடைத்துவிட்டுத்தான் லினெட் கோயிலுக்குச் சிலுவை முத்தி செய்யப் போனாள். தன் முறை வந்ததும், வருஷாவருஷம் போல, சிலுவையில் இருந்த ஆண்டவரின் விலாக் காயத்தில் முத்தமிடக் குனிந்தாள்.

மரச் சுரூபத்தில் காயம் இல்லை. அந்த இடம் வழவழவென்று அடைத்திருந்தது. காயாத பட்டியில் குறுக்கே ஒரு கோடு.

"சீக்கிரம் முத்திட்டு நவுரும்மா" என்றது வரிசை. முத்தினாள்.

வீட்டில் பிரகாசம் கவசம் மாட்டி நின்றான். வலது விலா திறந்திருந்தது.

"உதட்டுல என்னாடி வெள்ளையா?"

லினெட் துடைத்துக்கொண்டாள். ஈட்டியை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"மெதுவாக் குத்துங்க" என்றாள்.