லோவெல் தூக்கிய கை

லோவெலின் கை மேலே போனதைப் பார்த்ததும், வழக்கம்போல் ஏதோ சந்தேகம் கேட்கிறான் என்றுதான் ஆர்டித் நினைத்தாள். ஆனால் பள்ளி வாரியத் தலைவர் கிளிஃப்டன் அப்போது கேட்டுக்கொண்டிருந்தது, பிளம் கிரீக் பள்ளிக்கூடத்தை மூட யார் யாருக்குச் சம்மதம் என்று.

"நாலு," என்று வாய்விட்டு எண்ணினார் கிளிஃப்டன். அவராலேயே நம்ப முடியவில்லை. "வேண்டாங்கிறவங்க?"

ஆர்டித் ஒருத்தி மட்டும் கை தூக்கினாள்.

பள்ளி வாரியத்தில் மொத்தம் ஏழு பேர். ஏழு பேருமே ஊரார் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள். மூடியே தீரவேண்டும் என்று மூன்று பேர் ஒற்றைக்காலில் நின்றார்கள்; கூடவே கூடாது என்று நான்கு பேர். இன்று பார்த்துப் பனிப்புயல். ஆற்றுக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் இரண்டு உறுப்பினர்களால் வர முடியவில்லை, இரண்டு பேருமே ஆர்டித் பக்கம். இதுதான் சமயம் என்று கிளிஃப்டன் தீர்மானத்தை நுழைத்துவிட்டார்.

தோற்கப்போகிறோம் என்று ஆர்டித்துக்கும் தெரியும். மூன்றுக்கு இரண்டு என்று தோற்றிருந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் லோவெலா? மாட்டு டாக்டராக இருந்தவனைத் தேர்தலில் நில் என்று கெஞ்சியதே அவள்தான். நாய் துரத்தத் துரத்த வீடு வீடாகக் கதவைத் தட்டி அவனுக்கு ஓட்டுக் கேட்டவளும் அவள்தான். ஊரில் பாதி வீட்டுப் புல்வெளிகளில் இருவரின் பெயர் எழுதிய தேர்தல் பலகைகளும் அருகருகே நட்டிருந்தன. கீழே ஒரே வாக்குறுதி: பள்ளிக்கூடத்தை மூட விடமாட்டோம்.

ஓட்டெடுப்புக்கு முன்னால் அவன் வாதாடவும் இல்லை. "அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமைதானே? அதுக்குள்ள ஆத்துப் பாலம் ரோட்டைத் திறந்துடுவாங்கல்ல?" என்று மட்டும் கேட்டான். கன்று போடப்போகும் ஏதோ மாட்டை நினைத்துக் கேட்கிறான் என்று அவள் விட்டுவிட்டாள்.

"என்ன லோவெல், கை தவறித் தூக்கிட்டியா?"

"இல்ல. தெரிஞ்சுதான் தூக்கினேன். நீ பேசாம உக்காரு, ஆர்டித்." மேசைக்கு அடியில் அவள் காலைத் தன் காலால் தட்டினான். அவள் வெடுக்கென்று காலை இழுத்துக்கொண்டாள்.

பனியில் நனைந்த பூட்ஸோடு பின்வரிசையில் இருந்த ஒரு தாய் எழுந்தாள். "என் பொண்ணுக்கு ஆறு வயசு, டாக்டர். இந்தப் பனியில ஒன்றரை மணி நேரம் பஸ்ல போயிட்டு வரணுமா? உங்களை நம்பித்தானே ஓட்டுப் போட்டோம்!"

லோவெல் தலையைக் குனிந்துகொண்டான். அதைப் பார்த்ததும் ஆர்டித் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தாள். கூடவே இருந்து குழி பறித்துவிட்டானே!

"மாட்டுக்கு ஊசி போடுறவன்னு நினைச்சேன். எனக்கே போட்டுட்டியேடா!" அவள் கிளிஃப்டன் பக்கம் திரும்பினாள். "மூணு தேர்தல், பன்னிரண்டு வருஷம் இந்த நாற்காலியில உக்காந்திருக்கேன். இவன் பக்கத்துல இனி ஒரு நிமிஷம் உக்கார மாட்டேன். நான் ராஜினாமா பண்றேன். எழுதிக்கோங்க!"

லோவெல் நாற்காலி சாயத் துள்ளி எழுந்தான். "ஐயோ, வேணாம்! அவ கோவத்துல சொல்றா. எழுதாதீங்க!"

"நீலிக் கண்ணீர் வடிக்காதே. எழுதுங்க கிளிஃப்டன்."

கிளிஃப்டனுக்குக் கசக்குமா? "மேடம் இவ்வளவு மனசு நொந்து சொல்லும்போது நாம மறுக்கக் கூடாது. ஏத்துக்கிறவங்க கை தூக்குங்க." மூன்று கைகள் உயர்ந்தன. லோவெலின் கை மட்டும் மேசையிலேயே கிடந்தது. "உங்க சேவையை ஊர் மறக்காது," என்று கிளிஃப்டன் எழுந்து வந்து அவள் கையைக் குலுக்கினார்.

வெளியே வந்து வண்டிக் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை அவள் சுரண்டிக்கொண்டிருந்தாள். கோட்டுகூடப் போடாமல் லோவெல் ஓடிவந்தான்.

"ஏன் ஆர்டித் இப்படிப் பண்ணினே?"

"நானா பண்ணினேன்? நம்ப வச்சுக் கழுத்தறுத்துட்டு, கேக்க உனக்கு வெக்கமா இல்ல?"

"நம்ம வாரியத்து விதி என்ன? நிறைவேறின தீர்மானத்தை அடுத்த கூட்டத்துல மறுபடி ஓட்டுக்கு விடணும்னா, ஜெயிச்ச பக்கம் கை தூக்கின ஆளுதான் கேக்க முடியும். தோத்த பக்கத்து ஆளுக வாயே திறக்க முடியாது." அவனுக்கு மூச்சு வாங்கியது. "எப்படியும் இன்னிக்குத் தோக்கப்போறோம். அதான் அந்தப் பக்கம் கை தூக்கி வச்சேன். செவ்வாய்க்கிழமை அந்த ரெண்டு பேரும் வந்துடுவாங்க, நான் எழுந்து மறுபடி ஓட்டுக் கேப்பேன், நாலுக்கு மூணுன்னு மாத்திடலாம்னு இருந்தேன். கிளிஃப்டனை வச்சுக்கிட்டு உன் காதுல எப்படி ஓதுறது?"

ஆர்டித்தின் கை நின்றது. அவனைச் சொன்ன சொல்லெல்லாம் திரும்பி வந்து அவள் முகத்திலேயே அறைந்தது. ஆனாலும் நெஞ்சுக்குள் ஒரு சந்தோஷம் குபீரென்று பொங்கியது. பள்ளிக்கூடம் பிழைத்தது!

"மன்னிச்சுடு லோவெல், என் வாயை உடைக்கணும். நீ செவ்வாய்க்கிழமை கேளு! அவங்க மூணு பேர், நாம நாலு பேர்!"

லோவெல் அவள் கையிலிருந்த பனிச் சுரண்டியை வாங்கிக் கண்ணாடியைச் சுரண்டத் தொடங்கினான்.

"நாலு இல்ல ஆர்டித், மூணுதான். சமமா விழுந்தா இன்னிக்குப் போட்ட தீர்மானம்தான் நிக்கும். நீதான் எங்களை விட்டுட்டுப் போயிட்டியே."