மணி அடிச்சாச்சு

வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. பத்தாம் வகுப்பு மெர்லேயைக் கையோடு கூட்டிக்கொண்டு தலைமையாசிரியர் வெண்ட்லாண்ட்டின் அறைக்குள் நுழைந்தாள் ஆசிரியை கெர்லிண்டே.

"சார், இவ போனைக் குடுங்க."

"திங்கக்கிழமை வாங்கிக்கட்டும். வகுப்புல போனை நோண்டினா சனி, ஞாயிறு என் மேஜைக்குள்ளதான் இருக்கும். இது பள்ளி விதி."

"உங்க விதி சட்டத்தைவிடப் பெருசா? மணி அடிச்சா திருப்பிக் குடுத்தாகணும். ஹாம்பர்க் ரயிலுக்கு இவ டிக்கெட்டே அதுலதான் இருக்கு."

"கொஞ்சம் அலைஞ்சாத்தான் புத்தி வரும்."

"அப்ப அதை எழுதிக் குடுங்க. கல்வித்துறைக்கு அனுப்பிடறேன்."

வெண்ட்லாண்ட்டின் முகம் சுருங்கியது. இழுப்பறையைத் திறந்து போனை மேஜைமேல் வைத்தார். மெர்லே அதை எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

"நல்லா இருக்கு மேடம்! காலையில இதை அவகிட்டேருந்து பிடுங்கி என்கிட்ட குடுத்ததே நீங்கதானே?"

"ஆமா சார். என் கணக்கு வகுப்புல நோண்டினா திங்கக்கிழமையும் பிடுங்குவேன்."

விரலில் ஒட்டியிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டியபடி கதவைத் திறந்தாள் கெர்லிண்டே.

"ஆனா இனிமே உங்ககிட்ட குடுக்க மாட்டேன்."