இருபத்தாறு அடி

"உலகத்தீரே, அறிக! இன்று முதல் எங்கள் குளத்து நீர்மட்டத்தைக் கணினியே சொல்லும்!" கண்டாவளைப் பொதுநோக்கு மண்டபத்தில் கமக்கார அமைப்புத் தலைவர் பாலன் முழங்கினார்.

அதற்கான நிரலை எழுதிய தேனுகாவுக்கு மூன்று வாரப் பயிற்சிதான். குளத்து அளவுகள் சேரும் தரவுத்தளம் அவளது ஏபிஐ சாவியை, அந்த நீண்ட கடவுக்குறியை, ஏற்கவில்லை. 'அனுமதி இல்லை' என்றது. ஆனாலும் திரையில் எண்கள் ஏறின: இருபத்தொன்று, இருபத்துமூன்று, இருபத்தாறு அடி. இருபதிலேயே குளம் நிரம்பி வான்பாய்ந்துவிடும்.

"அண்ணை, கீழ்வயல் சனத்தை மேட்டுக்கு வரச் சொல்லுங்கோ!" தேனுகா பாலனிடம் கத்தினாள்.

"பிள்ளைக்கு விசரே? வெளியில வெய்யில் கொளுத்துது."

சாவியின் கடைசியில் ஓர் இடைவெளி கூடுதலாக ஒட்டியிருந்தது. அதை அழித்தாள். பதினொரு அடி என்று வந்தது. சபை கைதட்டியது.

தேனுகா நிமிர்ந்தாள். இருபத்தாறு அடி வெள்ளத்திலிருந்து எழுந்து வந்தவர்கள்போல, கைதட்டிய அத்தனை பேரின் உடுப்பும் கழுத்துவரை நனைந்து சேறு வடிந்தது.

தலைவர் நன்றியுரையைத் தொடங்கினார்.