பாசி நூல்களால் ஒரு சுவர்

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. கல்லூரியின் நூலகர் தன் கூடப்பிறந்த அண்ணனின் அறை வாசலில் நிற்கிறாள். தாவரவியல் பேராசிரியரான அண்ணனுக்கும் வரலாற்றுப் பேராசிரியருக்கும் ஒரே அறை. ஆனால் பேச்சுவார்த்தை கிடையாது. இருவர் மேசைகளுக்கும் நடுவே ஆளுயரத்துக்கு ஒரு சுவர் எழும்பி நிற்கிறது. அத்தனையும் பாசி பற்றிய புத்தகங்கள். ஜன்னல் வெயிலில் அவற்றின் கண்ணாடித்தாள் உறைகள் பளபளக்கின்றன, ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. அவள் கையில் இரவல் கணக்குத் தாள் இருக்கிறது. பாசி நூல்கள் வந்த அன்றே இரவல் போய்விடுகின்றன என்று அந்தக் கணக்கு சொன்னதை நம்பி, ஒன்பது வருடமாக அவற்றையே வாங்கிக் குவித்தவள் அவள். யாரும் தொடாத வரலாற்று நூல்களைக் கழித்துவிட இன்று காலைதான் கையெழுத்துப் போட்டாள். கீழே அவற்றை வண்டியில் எறியும் சத்தம் தொம் தொம்மென்று கேட்கிறது. "ஒண்ணையாவது படிச்சியாண்ணா?" என்கிறாள். "நடுவுல ஒண்ணை உருவினா மொத்தமும் சரிஞ்சிடும்மா," என்கிறார் அண்ணன், தேநீரை உறிஞ்சியபடி. "அந்தாளு எழுந்து நின்னா இன்னும் தலைமுடி தெரியுது. அடுத்த தடவை கொஞ்சம் தடியான புத்தகமா வாங்கிப் போடு." அவள் தாளை நான்காக மடிக்கிறாள், பிறகு எட்டாக. "அண்ணனாச்சேன்னு உன் கணக்கை மட்டும் சரிபார்க்காம விட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்." கீழே வண்டி கிளம்பும் சத்தம் கேட்கிறது.

இவ்வளவையும் எனக்குச் சொன்னவர், கழிக்கப்பட்ட நூல்களில் முக்கால்வாசியை எழுதிய அந்த வரலாற்றுப் பேராசிரியர்.