முப்பது கிழவிகள்

"முப்பது வீட்டிலும் வெளியாள். ஒரு வீடுகூட யோக்கியமில்லை."

அதிகாரி அருள்நாதன் அறிக்கையை மேஜைமேல் போட்டார். ஒண்ணாம் தேதி ஒண்ணாம் நம்பர் வீடு, ரெண்டாம் தேதி ரெண்டாம் நம்பர் என்று குமாஸ்தா மாதம் பூராவும் விடியற்காலையில் போய்ப் பார்த்து எழுதியது. ஆள் பெயருக்கு அதில் பத்தி கிடையாது.

திண்டுக்கல்லில் தோல் பதனிடும் ஷாப் பக்கத்துக் குடிசைகளைப் பிரித்து, ஓட்டு வீடாகக் கட்டிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகவில்லை. அதற்குள் உள்வாடகை! இந்த ஜனங்களை ஒழுங்காகக் குடியிருக்கப் பழக்கியே அவருடைய இருபது வருஷ உத்தியோகம் தேய்ந்துவிட்டது.

முப்பது ஒதுக்கீட்டு ரத்து நோட்டீசோடு அவரே காலனிக்குப் போனார்.

குழாயடியில் நாலாம் நம்பர் ஜக்கம்மாள் அகப்பட்டாள்.

"உன் வீட்டுல இருந்த கிழவி யாரு?"

"விருந்தாளிங்கய்யா."

"அஞ்சாம் நம்பர்லயும் ஒரு கிழவி. ஆறுலயும் ஒரு கிழவி. ஊர்க் கிழவிங்க எல்லாம் இங்கதான் விருந்தாடுதா?"

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தோல் ஷாப் சடையாண்டி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

"அம்புட்டுக் கிழவிக்கு எங்கய்யா போறது? எல்லாம் ஒரே ஆளுதான். மூக்காயி."

அருள்நாதனுக்குப் பெயர் ஞாபகம் வந்தது. 'தனி ஆள், குடும்பம் ஆகாது' என்று அவள் வீட்டு மனுவைத் தள்ளியவர் அவர்தான். அவள் குடிசையும் மற்றதோடு பிரிபட்டுப் போயிற்று.

"விருந்தாளி மாசத்துக்கு ஒரு ராத்திரி தங்கலாம்னு நீங்கதான அச்சடிச்சுக் குடுத்தீக? வீடு முப்பது. தேதிக்கு ஒரு வீடா வச்சுக்கிட்டோம். அதையும் மீறலீங்களே."

அருள்நாதன் நோட்டீசுக் கட்டைப் புரட்டினார். பிறகு முகம் தெளிந்தது.

"முப்பத்தொரு நாள் வர்ற மாசம்? அன்னிக்கு யாரோ ரெண்டாவது ராத்திரி தங்க வைக்கிறீங்க. அது எந்த வீடு? அந்த வீடு ரத்து."

ஜக்கம்மாள் தரையைப் பார்த்தாள்.

"சொல்லாட்டி முப்பதும் ரத்து."

துணிமூட்டையோடு ஒரு கிழவி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"அவுகள வையாதீக சாமி. அன்னைக்கு நான் காலனியிலயே இருக்க மாட்டேன்."

"பின்னே எங்க இருப்பே?"

மூக்காயி தயங்கினாள். சடையாண்டியைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உங்க வீட்டு அடுப்படியிலதான் சாமி. வீட்டம்மாதான் வரச் சொன்னாக. ஐயாவுக்குத் தெரிஞ்சா சட்டம் பேசுவாருன்னு சொன்னாக. அதான், நீங்க ஆபீசு போறவரைக்கும் நான் இருமக்கூட மாட்டேன்."